புகையிலை நாற்றுமேடையில் நீரும் ஒளியும்: யாழ்ப்பாணத் தோட்டச்செய்கை பற்றிய ஒரு குறிப்பு

இலக்கிய மாணவன் ஒருவன் நாற்றுமேடை பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால், யாழ்ப்பாணத்துக் கதைகளிலே கிணறும் துலாவும் தறையும் பெரும்பாலும் நிலக்காட்சியாகவே வந்து போகின்றன. அவற்றை இயக்கிய அறிவும் உழைப்பும் எத்தகையன என்பதை அறியாது அக்கதைகளின் சமூக உள்ளடக்கத்தை மதிப்பிடுதல் இயலாது என்பதே எமது கருத்தாகும்.

புகையிலை வித்து மிகச் சிறியது. ஒரு கிராம் நிறையுள் ஏறத்தாழ 10,000 அல்லது அதற்கும் மேற்பட்ட வித்துக்கள் அடங்கும். இத்துணைச் சிறிய வித்து தன்னுள் சேமித்து வைத்துள்ள உணவு மிகக் குறைவு. ஆழப் புதைத்தால் முளை மண்ணைத் தாண்டி வெளிவரும் முன்னரே அது தீர்ந்துவிடும். அன்றியும் புகையிலையின் பல இனங்கள் முளைப்பதற்கு ஒளி வேண்டி நிற்பன. எனவேதான் உயர்த்திக் கட்டிய மேடையின் மேற்பரப்பிலே, வித்தைச் சாம்பலுடனோ நுண்மணலுடனோ கலந்து தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிடுகின்றனர். சாம்பல் கலப்பதனால் வித்து ஓரிடத்திற் குவியாது பரவுவதோடு, எவ்விடத்தில் வீழ்ந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இங்கேயே முரண்பாடு தொடங்குகிறது. மேற்பரப்பிற் கிடக்கும் வித்துக்கு ஒளி வேண்டும். ஆனால் மேற்பரப்பே முதலில் உலர்வதும் ஆகும். முளைத்தெழும் முதல் வாரமும் அதனை அடுத்த நாட்களும் மேடை ஒருபொழுதேனும் காயலாகாது. ஆயின் நீர் மிகுந்தாலோ பூஞ்சண நோய் தண்டின் அடியைத் தாக்கி, ஓரிரவில் மேடையின் ஒரு பகுதியையே சரித்துவிடும். நாற்றிடும் காலம் வடகீழ்ப் பருவமழைக் காலமாதலின் ஒரு நாள் வெயிலும் மறுநாள் அடைமழையுமாக அமைவது வழமை. இதற்கு விடையாக அமைந்தது கிடுகுப் பந்தல். அது வெயிலைத் தணிக்கும், மழைத்துளியின் அடியைத் தாங்கும், ஈரத்தையும் காக்கும். நாற்று வளர வளர, முதலில் காலையிலும் மாலையிலும், பின்னர் நண்பகலிலும் பந்தலை நீக்கி வெயிலுக்குப் பழக்குவர். நீரையும் படிப்படியாகக் குறைப்பர். நிழலிலேயே வளர்ந்த நாற்று நெடிதாய், வெளிறி, தறையில் நட்ட அன்றே துவண்டு போகும். எந்நாளில் எவ்வளவு நீக்குவது என்பதற்கு எழுதிய விதி இல்லை. இலையின் நிறமும் வானத்தின் தோற்றமுமே விதி.

ஒளி பற்றிய நவீன விஞ்ஞானத்துக்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பை இவ்விடத்திற் குறிப்பிடுவது பொருந்தும். ஐக்கிய அமெரிக்காவிலே கார்னர், அல்லார்ட் ஆகிய இருவரும் 1920இல் வெளியிட்ட ஆய்வு, கோடையிற் பூக்காது வளர்ந்துகொண்டே சென்ற ‘மேரிலண்ட் மம்மொத்’ என்னும் புகையிலை இனத்திலிருந்து தொடங்கியதாகும். செடிகளை மாலைக்கு முன்னரே இருட்டறைக்குள் வைத்துப் பகலைக் குறுக்கியபோது அவை பூத்தன. பூத்தலைத் தீர்மானிப்பதிற் பகலின் நீளத்துக்குள்ள பங்கு அவ்வாறே நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்தைச் சற்றே மிஞ்சும். ஆகவே எம் தோட்டக்காரர் கையாண்டது ஒளியின் கால அளவை அன்று, அதன் கடுமையையே. கிடுகு அதற்குப் போதுமானதாயிருந்தது.

நீரோ அவ்வாறு எளிதிற் கிட்டுவதன்று. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களிலே தேங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் எவ்வளவு உயரும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். துலாவினால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே ஒரு வரம்பாக இருந்தது. துலாவின் மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடக்க, கிணற்றுவாயில் ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் வாய்க்காலிலிருந்து பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்புவார். விடியுமுன் தொடங்கும் வேலை அது.

துலா மிதித்தவர் யார் என்பதே எமது கேள்வி. 1707இல் ஒல்லாந்தராட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை அடிமைகள் பற்றி விரிவாகப் பேசுகின்றது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கிணற்றடியில் அது ஒழியவில்லை. திருவிதாங்கூர்ச் சந்தைக்குச் சென்ற புகையிலையின் நாற்றுக்கு நீர் இறைத்த கைகள் பல, தம் குடிநீருக்காக அதே ஊரின் கிணற்றுக்கு வெளியே குடத்துடன் காத்து நின்றன. வேலைக்காகத் துலாவில் ஏறலாம், தாகத்துக்காகப் பட்டையைத் தொடலாகாது என்ற இவ்வழக்கை ‘தீட்டு’ என்ற சொல்லால் மட்டும் விளக்குவோர், நீர் அங்கு உற்பத்திச் சாதனமாக இருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். கிணற்றில் முறை வைத்திருப்பவனே தறையிற் பயிரிட முடியும். கிணற்றை மறுத்தல் நிலத்தை மறுத்தலே. கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவலை நாம் இவ்வாறு படிக்க வேண்டியவர்களாயுள்ளோம்.

மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தபின் துலா மறைந்தது. அடிமைத்தனத்தின் ஒரு வடிவமும் உடன் மறைந்தது. அதனை முன்னேற்றம் என ஒப்புக்கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை. துலாவை எண்ணி ஏங்குவோர் அதில் ஏறி நடந்தவர்கள் அல்லர்! எனினும் இயந்திரம் களைப்பதில்லையாதலின், கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியதும் உண்மை. நீரின் கட்டுப்பாடும் முற்றாக மறைந்துவிடவில்லை. அது எரிபொருளின் விலைக்கு மாறியது. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டபோது, மின்னிணைப்புள்ள கிணற்றின் உடைமையாளர் அதனைப் பெரிதும் உணரவில்லை. குத்தகைத் தறையில் இயந்திரம் வைத்து இறைப்பவரோ, நாற்றுமேடை போடுமுன்னரே எத்தனை இறைப்புக்குக் கையிற் பணமுண்டு என்று கணக்கிட வேண்டியவரானார்.