குருதித் துளியில் புற்றுநோயின் சுவடு

செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ, கடல் கடந்து பினாங்குத் தீவிலுள்ள மருத்துவமனைக்கோ சென்று திரும்புவோர் கையில் குருதிச் சோதனைத் தாள் ஒன்று இருக்கும். அதில் ஓர் எண். அதன் அருகே 'இயல்பு நிலை' என மற்றோர் எண். முன்னது பின்னதை மிஞ்சிவிட்டால், அன்றிரவே அவ்வீட்டில் உறக்கம் போய்விடுகிறது. அத்தாளைப் படித்துச் சொல்லுமாறு ஆசிரியரை நாடுவோரும் உளர். ஆதலின் அவ்வெண் எவ்வாறு பிறக்கின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

நம் உடலுள் அயற்பொருள் புகுந்தால், அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை உடல் ஆக்குகின்றது. பூட்டுக்கேற்ற திறவுகோல் போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய பொருளையே பற்றும். இவ்வியல்பைக் கொண்டு குருதியிலுள்ள நுண்பொருளை அளக்கும் முறையை அமெரிக்காவில் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் 1950களில் கண்டனர். இதற்காக அம்மையார் 1977ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். அவர்கள் கதிரியக்கப் பொருளை அடையாளமாகப் பயன்படுத்தினர். 1971இல் சுவீடன் நாட்டு எங்வாலும் பெர்ல்மனும் கதிரியக்கத்திற்கு மாற்றாக நொதியைப் பயன்படுத்தினர். அதுவே 'எலைசா' எனப்படும் முறை.

எலைசா சோதனைப் பெட்டியில் 96 சிறு குழிகளையுடைய தட்டு ஒன்று இருக்கும். குழிகளின் அடியில் எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கும். குருதித் தெளிநீரை இட்டால், தேடும் புரதம் அதில் ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவும்போது நீங்கும். பின்னர் நொதி பிணைத்த இரண்டாம் எதிர்ப்பொருளை இடுவர். அது புரதத்தின் மற்றொரு பகுதியைப் பற்றும். மீண்டும் கழுவி, நிறமூட்டும் நீரை விட்டால் நொதி அதனை நிறம் மாற்றும். புரதம் மிகுந்தால் நிறமும் மிகும். அளவு தெரிந்த புரதக் கரைசல்களின் நிறத்தோடு இதனை ஒப்பிட்டு எண்ணைக் கணிப்பர். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கும் இவ்வாறு அளவுக்குள் அடங்கும்! பெரிய மருத்துவமனைகளில் இவ்வேலையைத் தானியங்கிப் பொறிகளே செய்கின்றன; அடிப்படை ஒன்றே.

புற்றுநோயோடு தொடர்புடைய புரதங்கள் சில. கருவிலுள்ள குழந்தையின் கல்லீரல் ஆக்கும் ஆல்பா பீட்டோ புரோட்டீன், ஈரல் கட்டியுள்ள எலிகளின் குருதியிலும் இருப்பதை 1963இல் சோவியத் அறிஞர் அபெலெவ் கண்டார். 1965இல் கனடாவின் கோல்டும் பிரீட்மனும் பெருங்குடற் புற்றில் சி.ஈ.ஏ. என்னும் பொருளைக் கண்டனர். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்குரியது பி.எஸ்.ஏ.

இங்கேதான் கருத்தூன்ற வேண்டும். பெட்டி அளப்பது புரதத்தையே, புற்றுநோயை அன்று. புராஸ்டேட் சுரப்பி முதுமையில் வீங்கினாலும் அழற்சியுற்றாலும் பி.எஸ்.ஏ. உயரும். புகைப்போரிடம் சி.ஈ.ஏ. சற்று மிகலாம். கருவுற்ற தாயிடம் ஆல்பா பீட்டோ புரோட்டீன் மிகுதல் இயல்பே. மறுபுறம், புற்று இருந்தும் எண் உயராமல் இருப்பதும் உண்டு. எனவே உயர்ந்த எண் தீர்ப்பன்று. தாழ்ந்த எண் உறுதிமொழியுமன்று. ஐயம் எழுந்தால் படச்சோதனையும், பெரும்பாலும் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்தலுமே முடிவு கூறும்.

அப்படியாயின் அவ்வெண்ணால் பயன் யாது? குடற்புற்று அறுவைக்குப் பின் தாழ்ந்த சி.ஈ.ஏ. மீண்டும் படிப்படியாக ஏறினால், நோய் திரும்பியதோ என மருத்துவர் முன்னரே தேட இயலும். ஓர் எண்ணைவிட எண்களின் போக்கே பேசும். பெட்டிக்குப் பெட்டி அளவு வேறுபடுமாதலின், இயன்றவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் சோதித்தல் நலம். 'ஆய்வுக்கு மட்டும்' என்று குறித்த பெட்டிகள் நோய் கணிப்பதற்கு உரியன அல்ல.

ஆகவே தாளோடு வருபவரிடம், நோய்க்குறி ஏதும் உண்டா, முன்பு எடுத்த எண் யாது என வினவுக. பின்னர் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு காலந் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லச் சொல்லுக. வீண் அச்சம் தவிர்வதோடு, உண்மையான நோயாயின் உரிய காலத்தில் பிடிபடவும் அது வழிசெய்யும்.