பழைய நெகட்டிவ் எல்லோர் பார்வைக்கும் வருவது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரைச் சுற்றி சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் என வரலாற்றுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. ஆனால் புதுக்கோட்டைச் சீமையின் மிகப் பழைய புகைப்படங்கள் சில இருப்பது லண்டனில். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை, திருச்சியோடு புதுக்கோட்டையையும் படமெடுத்து 1858-ல் தனித் தொகுப்பாக வெளியிட்டார். இன்று அவரது படங்களை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

அச்சுப் படம் இருக்க, நெகட்டிவ் எதற்கு?

டிரைப் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். வானம் வெறுமையாகப் பதிவானதால், நெகட்டிவ் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அச்சில் மேகம்தான் தெரியும். தூரிகைத் தடம் தெரிவது நெகட்டிவில். அதனால் இப்படிப்பட்டவற்றை அடியிலிருந்து ஒளி பாய்ச்சி ஒருமுறையும், மேலிருந்து வெளிச்சம் காட்டி இன்னொரு முறையும் படமெடுப்பது நல்லது.

ஏன் அவசரம்?

காகிதத்துக்குப் பின் கண்ணாடித் தகடு வந்தது, அதன்பின் ஃபிலிம். தகடு உடையும், ஈரம் பட்டால் அதன் ஜெலட்டின் படலம் உரியும். நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும். அசிட்டேட் ஃபிலிம் கெட்டுவிட்டால் பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறும். ஃபிலிம் சுருங்க, படலம் நரம்பு நரம்பாகப் புடைத்து நிற்கும். குளிர்ந்த, உலர்ந்த அறை இந்தச் சிதைவைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது.

மின்பிரதி எடுக்கும் வேலை எப்படி நடக்கிறது?

கையுறை அணிந்து, ஓரத்தை மட்டும் பிடித்து, தூசியை ஊதி அகற்றுவார்கள். லைட் பாக்ஸ் மேல் நெகட்டிவை வைத்து, நேர் மேலே பொருத்திய கேமராவில் எடுப்பார்கள். பெரிய டிஃப் கோப்பு காப்பகத்துக்கு. கருப்பு வெள்ளையை மாற்றிய சிறிய ஜேபெக் பிரதி இணையத்துக்கு.

தமிழகத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இதைப் பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் செய்தது. உதவியது பிரிட்டிஷ் நூலகத்தின் 'அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள்' திட்டம். மூல ஆவணங்கள் நாட்டை விட்டுப் போகக் கூடாது, மின்பிரதி மட்டுமே போகலாம் என்பது அத்திட்டத்தின் விதி.

ஸ்கேன் செய்தால் முடிந்ததா?

இல்லை. 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் இணையச் சேவைகளே மாதக்கணக்கில் முடங்கின. பிரதிகள் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் ஆபத்து. அதைவிடப் பெரிய குறை, விவரம் இல்லாத படம். எந்த ஊர், எந்தக் கோயில், நிற்பவர் யார் என்று தமிழிலும் குறிக்காவிட்டால், லட்சம் படங்கள் இணையத்தில் இருந்தும் உள்ளூர்க்காரர் தேடும்போது ஒன்றும் அகப்படாது. ஸ்கேன் செய்ய இயந்திரம் போதும். விவரம் எழுத ஊரின் பெரியவர்கள் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் நெகட்டிவ் இருந்தால் தண்ணீரில் கழுவ வேண்டாம். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள். தகட்டை உள்ளே வைக்கும் முன்பே, படத்தில் இருப்பவர் பெயரையும் ஊரையும் உறைமேல் பென்சிலால் எழுதிவிடுங்கள்.