எதிரி எழுதிய வாக்குமூலம்

ஃபிராங்கன்ஸ்டைன் என்றதும் கழுத்தில் போல்ட் முடுக்கிய, உறுமுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத பூதம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது 1931-இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தின் கைங்கரியம். 1818-இல் மேரி ஷெல்லி வெளியிட்ட நாவலில் வரும் பூதம் மில்டனையும் புளூடார்க்கையும் படித்தது. வக்கீல் போல வாதாடும்.

ஆனால் அதன் பேச்சு நம் காதுக்கு நேரே வருவதில்லை. வட துருவத்தை நோக்கிக் கப்பலில் போகும் ராபர்ட் வால்டன், இங்கிலாந்திலிருக்கும் சகோதரி மார்கரெட் சாவிலுக்குக் கடிதம் எழுதுகிறான். பனிக்கடலில் குற்றுயிராகக் கிடைத்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் சொல்லும் கதை அந்தக் கடிதத்துக்குள். ஆல்ப்ஸ் மலைக் குடிசையில் பூதம் விக்டரிடம் முறையிட்டது அந்தக் கதைக்குள். அது ஒளிந்திருந்து பார்த்த டி லேசி குடும்பத்தின் கதை அதற்கும் உள்ளே. (மார்கரெட்டுக்குப் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்தால், மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் ஷெல்லியின் முதலெழுத்துகளே வருகின்றன. தற்செயல் என்று நான் நம்பவில்லை.)

இந்த அடுக்கு வெறும் அலங்காரமில்லை. உயிர் கொடுத்த ரகசியத்தை வால்டனிடம் சொல்ல விக்டர் மறுத்துவிடுகிறான். அதனால் நமக்கும் தெரியாமல் போகிறது. மின்னல் வெட்டும் அந்தப் பிரபலமான ஆய்வுக்கூடம், நாவல் வேண்டுமென்றே விட்ட வெற்றிடத்தில் சினிமாக்காரர்கள் போட்ட செட்.

இதைவிடக் கூர்மையான இடம் ஒன்று உண்டு. வால்டன் இரவுதோறும் குறிப்பெடுப்பது தெரிந்ததும், விக்டர் அதைக் கேட்டு வாங்கித் திருத்துகிறான். பல இடங்களில் கூட்டியும் எழுதுகிறான். அதிகம் கைவைத்தது எங்கே தெரியுமா? எதிரியோடு தான் பேசிய உரையாடல்களில்! ஆக, பூதத்தின் வாக்குமூலம் அதை வெறுத்து ஒதுக்கியவனின் நினைவில் தங்கி, அவன் கையாலேயே திருத்தப்பட்டு நமக்குக் கிடைக்கிறது. அப்படியும் அதன் பக்கமே நம் மனம் சாய்கிறது. தன்னைப் பெற்றவன் முதல் இரவிலேயே ஓடிவிட்டான், கண் தெரியாத கிழவர் டி லேசி மட்டுமே அன்பாகப் பேசினார் என்று அது சொல்வதை, விக்டரால் எவ்வளவு திருத்தியும் மழுங்கடிக்க முடியவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான். இத்தனைக்கும், எழுதத் தொடங்கியபோது மேரிக்கு வயது 18.

அதன் நாவன்மையை நம்பாதே என்று வால்டனை எச்சரித்துவிட்டே விக்டர் சாகிறான். கப்பலுக்கு வந்து பிணத்தருகே புலம்பும் பூதத்தைப் பார்த்து வால்டன் முதலில் இளகுகிறான்; எச்சரிக்கை நினைவுக்கு வந்ததும் சீறுகிறான். அங்குதான் பூதத்தின் குரல் விக்டரின் தலையீடு இல்லாமல் ஒலிக்கிறது.

வால்டன் இல்லாத 1931 படத்தில் பூதத்துக்குப் பேச்சும் இல்லை. நாவலைக் கையில் எடுப்பவர்கள், கதை இன்னும் தொடங்கவில்லையே என்று முதல் நான்கு கடிதங்களைத் தாண்டிவிடாதீர்கள். வழக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.