‘டக்’கென்று வெடிக்கும்... சும்மா சுற்றும்!

ஆரணித் தறியில் ஜக்கார்டு அட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? ஓட்டை இருந்தால் கொக்கி ஏறி இழையைத் தூக்கும். இல்லையென்றால் சும்மா இருக்கும். கிட்டத்தட்ட அதே கணக்கில் ஓடிய பழைய இன்ஜின்களும் உண்டு!

1876-ல் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஆட்டோ நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை உருவாக்கினார். அந்த வழியில் வந்த ‘ஹிட் அண்ட் மிஸ்’ இன்ஜின், வேகம் கூடினால் புகை வால்வைத் திறந்தே பிடித்துக்கொள்ளும். எரிபொருள் உள்ளே போகாது. கனத்த சக்கரம் சும்மா சுற்றும். வேகம் குறைந்ததும் மறுபடி ‘டக்’!

இதை மேஜை மேல் வைக்கும் அளவுக்குச் சிறிதாகச் செய்து, நிஜமாகவே ஓட்டிப் பார்ப்பது உலகெங்கும் பலருக்குப் பொழுதுபோக்கு. லேத்தில் தாங்களே கடைந்து செய்பவர்களும் உண்டு. புகை விஷம் என்பதால் வெட்டவெளியில்தான் ஓட்ட வேண்டும்.

இன்றைய பைக்கில் எல்லாமே மூடிக்கிடக்கிறது. இந்தக் குட்டி இன்ஜினில் வால்வும் கம்பியும் கண்ணெதிரே ஆடும். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். கோவை ஜி.டி.நாயுடுவும் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துக் கோத்துத்தான் இயந்திரம் கற்றார்.

கிணற்றடியில் தாத்தாவின் ஆயில் இன்ஜின் துருப்பிடிக்கிறதா? காயலான் கடைக்கு எடைக்குப் போடும் முன், பேரப்பிள்ளைகளுக்கு ஒருமுறை பிரித்துக் காட்டுங்கள். முடிந்தால் ஓட்டியும் காட்டுங்கள்!