வாள்வால் மீனில் ரகம் கலக்காதிருக்க

நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்து திரும்பும் வணிகருக்கு வீட்டு மீன்தொட்டி நல்ல இளைப்பாறுதல். ஆனால் நம் அன்பர்கள் பலருக்கு ஒரு குறை உண்டு. "காசு கொடுத்து உயர்ந்த ரகம் வாங்கினேன், குட்டிகளெல்லாம் கலப்படமாகப் பிறக்கின்றனவே" என்கிறார்கள். 'ஸ்வார்ட்டெயில்' எனும் வாள்வால் மீனில் இது அதிகம்.

மெக்சிகோ முதல் ஹோண்டுராஸ் வரையுள்ள ஓடைகளே இதன் தாயகம். இயற்கை நிறம் பச்சை. ஆணுக்கு மட்டும் வாலின் அடிப்பகுதி வாள்போல் நீளும். சிவப்பு, டக்ஸிடோ, முதுகுத்துடுப்பு உயர்ந்த ஹைஃபின், வாலின் இரு முனையும் நீண்ட லயர்டெயில் எல்லாம் மனிதர் தேர்ந்து பெருக்கியவை. இவற்றில் பல, பிளாட்டி என்ற இன மீனோடு கலந்து வந்தவை.

கலப்பு நேர்வது கொள்முதலிலேயே. பெண் மீன் ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து, ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். பல ரகம் கலந்த கடைத்தொட்டியில் வாங்கிய பெண்ணுக்கு வீட்டில் எந்த ஆணைச் சேர்த்தாலும் பழைய பாக்கி தீர நாளாகும். ஆகவே ஒரே ரகம் உள்ள தொட்டியிலிருந்து, இளங்குட்டிகளாகவே வாங்குங்கள். அடித்துடுப்பு குச்சிபோல் மாறுவது ஆண். அதைக் கண்டதும் பிரித்துவிடுங்கள். பிளாட்டியையும் உடன் விடாதீர்கள்.

லயர்டெயிலை ஜோடியாக வாங்கிக் காத்திருப்பது வீண். அந்த ஆணின் இனப்பெருக்கத் துடுப்பும் அளவுக்கு மீறி நீண்டிருப்பதால் பெரும்பாலும் சேர முடியாது. லயர்டெயில் பெண்ணுக்குச் சாதாரண வால் ஆணைச் சேர்த்தால் குட்டிகளில் சுமார் பாதி லயர்டெயிலாகும்.

3 அடி நீளத் தொட்டியில் 1 ஆணுக்கு 3 பெண் வீதம் விடலாம். ஆண்கள் இரண்டு மூன்று இருந்தால் சண்டை வரும். சற்றுக் கடினமான நீரே இதற்கு ஏற்றது. குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்கிய பிறகே ஊற்றவேண்டும். துள்ளும் மீன், மூடி அவசியம். வேகவைத்த கீரையும் தின்னும். தாய் குட்டியைத் தின்னாதிருக்க அடர்ந்த செடி வேண்டும்.

கழித்த மீனை ஏரி குளத்தில் விடவேண்டாம். அங்கே பெருகி நம் மீன்களுக்கு இடைஞ்சலாகும்.

பொன்னி மூட்டையில் வேறு அரிசி கலந்தால் பிரிக்க முடியுமா? மீனும் அப்படித்தான். ஒரு தொட்டிக்கு ஒரு ரகம் போதும்.