குடும்பத்தோடு கடல் கடந்த தொண்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (தாவரவியல்)

கடல் கடந்து போகிறவர்கள் பிழைக்கப் போகிறார்கள், படிக்கப் போகிறார்கள், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். கூலி பெறாமல் உழைக்கவென்றே வேற்று நாட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களுள் சிலர் மனைவி மக்களோடு குடும்பமாகவே புறப்படுகிறார்கள். குடும்பம் முழுவதும் சென்று செய்யக்கூடிய தொண்டு எது? அதனால் நன்மை அடைபவர் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் என்னால் இயன்ற அளவு விடை கூற முயல்கிறேன்.

முதலில் சிறிது வரலாறு. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து நாட்டவரான பியர் செரசோல் பல நாட்டவர் அடங்கிய சிறு குழுவுடன் பிரான்சில் வெர்டனுக்கு அருகிலுள்ள எஸ்ன் என்னும் சிற்றூருக்குச் சென்றார். போரில் பாழான அவ்வூரைச் சீரமைக்க அக்குழு உழைத்தது. நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அதில் இருந்தனர் என்பது நினைக்கத்தக்கது. இன்று உலகெங்கும் நடைபெறும் பன்னாட்டுத் தொண்டு முகாம்களுக்கு இதுவே வித்து. 1934 ஜனவரி 15இல் பீகாரை நிலநடுக்கம் சிதைத்தபோது செரசோல் இந்தியாவுக்கும் வந்து, கிராமங்களை மீண்டும் அமைக்கும் பணியில் ஈடுபட்டார்.

1958இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன், மோரா டிக்சன் என்னும் தம்பதியர் வி.எஸ்.ஓ. அமைப்பைத் தொடங்கினர். அமெரிக்காவில் 1961இல் அதிபர் கென்னடி 'பீஸ் கோர்' அமைப்பை நிறுவினார். இதில் பயிற்சிக்குப்பின் இரண்டாண்டுகள் பணியாற்ற வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து செல்லலாம். ஆனால் இருவரும் தனித்தனியே விண்ணப்பித்துத் தகுதி பெற வேண்டும். ஒருவருடைய தகுதியில் மற்றவர் ஒட்டிக்கொண்டு போக முடியாது. 1970களில் சில காலம் பிள்ளைகளுடைய குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

அப்படியானால் பிள்ளைகளோடு செல்லவே முடியாதா? முடியும். 1971இல் லண்டனில் செயலாளராகப் பணியாற்றிய சூ கொப்பார்ட் என்னும் பெண்மணி தொடங்கிய 'வூஃப்' இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். இயற்கை முறையில் பயிர் செய்வோரின் பண்ணையில் நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்தால் உணவும் உறைவிடமும் கிடைக்கும். குழந்தைகளோடு வருவோரை ஏற்கும் பண்ணைகளும் உண்டு. களை பறித்தல், காய் பறித்தல், கோழிக்குத் தீனி வைத்தல் ஆகியவை சிறுவர்களாலும் முடிந்த வேலைகளே.

ஆனால், ஆசை மட்டும் போதாது. சுற்றுலா விசாவில் சென்று ஊதியமின்றி வேலை செய்வதைக்கூடப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குச் செல்ல மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாட்களுக்குப் பிறகே அச்சான்று செல்லுபடியாகும். பிள்ளைகளின் படிப்பு தடைபடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றைவிடப் பெரியது ஒன்று உண்டு. அதை நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. என் ஊர் வேதாரணியத்தை அடுத்த சிற்றூர். என் தந்தையார் உப்பளத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்தவன் நான் ஒருவனே. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் எங்கள் பகுதியில் கரை கடந்தபோது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கெங்கிருந்தோ வேன் வேனாக மனிதர்கள் வந்தார்கள். அவர்கள் அன்பை நான் குறை கூற மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் ஒன்பது போர்வைகள் சேர்ந்துவிட்டன. கூரை மேல் விழுந்த தென்னையை அறுக்க ஒரு ரம்பம் இல்லை. ஒரு மாலை குடும்பமாக வந்த சிலர் மட்டும், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று என் தாயாரைக் கேட்டார்கள். மறுநாள் ரம்பத்தோடு வந்தார்கள். தந்தையும் மகனும் மரம் அறுத்தார்கள். அந்த அம்மாள் என் தாயாரோடு சேர்ந்து மட்டைகளை இழுத்துப் போட்டார். இன்றும் என் தாயார் பேசுவது அவர்களைப் பற்றித்தான்.

கேட்காமல் செய்யும் உதவி சில சமயம் தீங்காகவும் முடியும். கம்போடியாவைப் பாருங்கள். அங்கே 2005க்கும் 2010க்கும் இடையில் அனாதை இல்லங்கள் 75 விழுக்காடு பெருகி 269 ஆயின. பெற்றோரை இழந்த பிள்ளைகள் திடீரெனப் பெருகிவிட்டார்களா? இல்லை. அவ்வில்லங்களில் இருந்த நால்வரில் ஏறத்தாழ மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர்! நல்ல மனத்தோடு வந்த வெளிநாட்டார் தந்த பணமும், பிள்ளைகளோடு சில நாள் விளையாட அவர்கள் காட்டிய ஆர்வமும் இப்பெருக்கத்துக்கு ஒரு காரணம். வறுமையால் பெற்றோர் பிள்ளைகளைப் பிரிந்தனர். ஒரு குடும்பம் ஒன்றாகச் சென்று செய்யும் தொண்டு இன்னொரு குடும்பத்தைப் பிரிக்கலாமா?

ஆகவே புறப்படும் குடும்பம் மூன்றைச் சிந்திக்க வேண்டும் என்பேன். அந்த வேலையை அவ்வூரார் கேட்டார்களா? அதைச் செய்ய நமக்குத் தெரியுமா? அங்கே கூலிக்கு உழைப்பவரின் பிழைப்பை நாம் பறிக்கிறோமா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம். பிறர் ஊரில், பிறர் சொல் கேட்டு உழைக்கும் பெற்றோரைக் காணும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது.

நம்மில் எத்தனை பேர் குடும்பத்தோடு வெளிநாடு செல்வோமோ, அறியேன். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காவது போவோம். அங்கே மண்வெட்டியைக் கையில் எடுக்குமுன், அவ்வூர்த் தாய் ஒருவரிடம் "என்னம்மா வேணும்?" என்று கேட்போம், நண்பர்களே.