ஊதினால் ஓடுமா?

1990களில் கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் பிள்ளைகள் ஆடிய மைக்ரோ ஜீனியஸ் வீடியோ விளையாட்டுக் கருவி, ஜப்பானிய நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமைப் பின்பற்றித் தைவான் நிறுவனமொன்று செய்ததாகும். இரண்டிலும் கேட்ரிட்ஜை மேலிருந்தே செருகுவர்.

அமெரிக்காவிலோ, 1983இல் இவ்வாணிகம் வீழ்ந்திருந்தது. ஆதலின் 1985இல் அங்குச் சென்ற ஃபேமிகாம், வீடியோ ரெக்கார்டர் போல முன்புறம் செருகும் உருவம் பூண்டது. வாணிகம் செழித்தது, ஆனால் உள்ளிணைப்புகள் நாளடைவில் தளர, படம் மின்னி மறைந்தது. தூசியென்று எண்ணிப் பிள்ளைகள் கேட்ரிட்ஜை ஊதினர். வாயின் ஈரம் உலோக முனைகளை அரிக்கவே உதவிற்று.

1993இல் அமெரிக்காவிலும் மேலிருந்து செருகும் முறையே வந்தது. உலகெங்கும் விற்பனையானவை 6 கோடிக்கு மேல். விற்பனை மிகுதி வடிவத்தின் குறையை மறைக்கலாம், நீக்கிவிடாது.